மலைநாட்டுப் பாடலும் உரிமைப் போரும்

துன்பம் எங்கும் உண்டு. கிளர்ச்சி எங்கும் இல்லை. அடக்குமுறைக்கு ஆளான மக்கள் அனைவரும் ஒரு நாள் தாமாகவே எழுந்து நிற்பர் என்று எண்ணுவதற்கு வரலாறு இடந்தருவதில்லை. துன்பம் முறையீடாகவும், முறையீடு கூட்டுக்குரலாகவும், கூட்டுக்குரல் போராட்டமாகவும் மாறுதற்கு இடையிலே பல படிகள் உள. அப்படிகளைச் சட்டங்களிலும் ஆணைக்குழு அறிக்கைகளிலும் தேடுவோர் பலர். மக்கள் தம் வாயாற் பாடிய பாடல்களிலும், அவர்களைப் பற்றி எழுந்த இலக்கியங்களிலும் தேடுவோர் சிலரே. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, நுவரெலியாவையும் ஹற்றனையும் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் இலக்கியத்தை இவ்வகையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டு இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் அதனைக் கண்ணீர் இலக்கியம் எனக் கூறி அமைவது வழக்கமாகிவிட்டது. பாராட்டுவோரும் அச்சொல்லையே ஆள்வர். குறைகூறுவோரும் அதனையே ஆள்வர். அழுகையன்றி அதில் வேறில்லை என்பது இருசாராரும் ஒப்பிய முடிபு. இம்முடிபு பொருந்துமா? 1940ஆம் ஆண்டில் முல்லோயாத் தோட்டத்திலே துப்பாக்கிக்கு முன் நின்ற மக்கள் வெறும் அழுகையால் வளர்க்கப்பட்டவராயின், அவர்க்கு நிற்கும் உரம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காணல் வேண்டும்.

விடை காணுமுன் அத்துன்பத்தின் அடித்தளத்தைச் சிறிது நோக்குவோம். 1815ஆம் ஆண்டிலே கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியன ஆக்கிற்று. வழிவழி ஆண்டுவந்த சிங்களக் குடியானவனுக்கு நிலம் இருந்தது, பத்திரம் இல்லை. அவ்வாறு பறிபோன மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி வந்தது. ஆண்டிற்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது பணம் கட்டவேண்டும் என்ற விதியும் வந்தது. 1848ஆம் ஆண்டிலே மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு இவையே காரணங்களாயின. அதனை டொரிங்டன் தேசாதிபதி படைவலியால் ஒடுக்கினார். புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான்.

குடியானவனிடமிருந்து நிலத்தைப் பறித்த அதே கோப்பித் தோட்டந்தான் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் கூலியாளை அழைத்து வந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையிறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக மலையேறினர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். 1869ஆம் ஆண்டிற் கோப்பியிலையில் நோய் கண்டது. 1867இல் யேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவிற் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. கோப்பிக்குப் பருவந்தோறும் வந்து மீண்ட மக்கள், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலையோடு லயத்திலேயே நிலைத்துவிட்டனர்.

நிலைத்தவரைக் கட்டிய கயிறு கடனே. ஊரைவிட்டுப் புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணம் கூலியாளின் தலையில் ஏறியது. கங்காணியின் கடன் தோட்டத்தின் ஏட்டில் ஏறியது. அக்கடனைத் தீர்ப்போருக்கு ஆட்களை விடுவதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. துண்டு கைமாறுந்தோறும் கடன் பெருகிற்று. மனிதரும் கடனோடு கைமாறினர். வேலையை விட்டுச் சொல்லாமற் போதல் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. வேலைக்கு வரும் தலை ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆதலின் நோயாளியையும் பெரட்டுக்கு இழுத்து வருதல் கங்காணிக்கு ஆதாயமாயிற்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோரின் இடையறா முயற்சியின் பின்னரே, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டுமுறை ஒழிந்தது.

இனிப் பாடலுக்கு வருவோம். மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவருள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் தொகுத்தனவும், பிறர் தொகுத்தனவும், இன்றும் முதியோர் வாயிலுள்ளனவுமாகிய பாடல்களை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றின் வடிவங்கள் யாவும் ஊரிலிருந்து வந்தவை. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் காமன் கூத்துப் பாட்டும் கடல் கடந்து வந்தன. அவ்வடிவங்களுக்குள் புகுந்த பொருள் புதியது. நிரை பிடித்தல், கொழுந்து நிறுத்தல், அரைப்பேர் போடுதல், கணக்கப்பிள்ளையின் ஏச்சு ஆகியன முன்னை ஒப்பாரி அறியாதவை. மாண்ட கணவனுக்கு அழும் ஒப்பாரியினுள்ளே தராசின் பொய்யும் சேர்ந்தழும்போது, அது தனிமனிதத் துயரத்தின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. சாவுக்கு விதி காரணமாகலாம். நிறைகுறைவுக்கு விதி காரணமன்று. அதற்குக் காரணமான கை ஒன்று உண்டு. அந்தக் கையைச் சுட்டத் தொடங்கியதே கிளர்ச்சியின் முதற்படியாகும்.

ஆயினும் அக்கை யாருடையது என்பதிற் பாடல்கள் தயங்குகின்றன. வசையும் எள்ளலும் பெரும்பாலும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் சார்ந்து நிற்கின்றன. துரைமீது செல்வன அருகியே வருகின்றன. இதனை அச்சம் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. துரை தொலைவில் இருந்தார். அவர் மொழி வேறு, பங்களா வேறு. கங்காணியோ அதே ஊரான். பல வேளைகளிற் சொந்தக்காரன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முன்நிற்பவன். அவன் செய்த கொடுமை உறவினன் செய்த வஞ்சனையாகவே மக்களுக்குத் தோன்றியது. உறவினனிடம் முறையிடலாம், சாபமிடலாம். அவனுக்கு எதிராகச் சங்கம் வைத்தல் மனத்திற் படாது. தோட்ட ஆட்சியின் நுட்பம் இதுவே. ஆங்கிலேய முதலாளி தன் அதிகாரத்தைத் தமிழ் உறவுமுறையின் ஆடையால் மூடிக்கொண்டான். நாட்டுப்பாடல் அவ்வாடையைக் கிழிக்கவில்லை. அதன் கறையைக் காட்டிற்று. அதன் பெருமையும் எல்லையும் அதுவே.

ஆடையைக் கிழிக்கும் வேலையை அச்சு ஏற்றுக்கொண்டது. தஞ்சைப் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய இயலாத காலத்திலே, புடவை வியாபாரிபோல வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். தேசநேசன், தேசபக்தன் என்னும் பத்திரிகைகளை அவர் நடத்தினார். சட்டநிரூபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் அமர்ந்தார். 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கென ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு சம்மேளனம் அமைத்தார். அவருடைய எழுத்தைப் பாடலோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பாடல் 'கூலி போதாது' என வருந்தும். நடேசய்யரின் எழுத்து எத்தனை சதம், எந்தச் சட்டத்தின்படி, யார் தரவேண்டியது என வினவும். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்தபட்சக் கூலியாக விதிக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அக்கூலியும் வெட்டப்பட்டது. எண் தெரிந்த மக்களுக்கு இழப்பும் தெரிந்தது. எவ்வளவு தரப்படவேண்டும் என்பதை அறியாதவன் எவ்வளவு பறிக்கப்பட்டது என்பதையும் அறியான்.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையாரின் பணி இங்கே சிறப்பாக ஆராயத்தக்கது. தோட்டக் கூட்டங்களிலே அவர் தாமே பாடினார். 1940ஆம் ஆண்டில் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். மக்களுக்கு முன்பே பழக்கமான மெட்டுக்களிற் புதிய செய்தியை அமைத்துப் பாடுதல் அவர் கையாண்ட முறை. செய்யுள் நயம் மட்டுமே கருதுவோர் அப்பாடல்களைத் தள்ளிவிடுவர். சொல் எளிது, உவமை அரிது, அரசியற் செய்தி ஓசையை மீறி நிற்கும் இடங்கள் உள. ஆனால் இலக்கியத்தை அதன் பயனிடத்து வைத்தும் அளத்தல் வேண்டும். நிரையிற் பாடிய பெண் தனக்கும் பக்கத்தாளுக்கும் பாடினாள். மேடையில் நின்ற மீனாட்சி அம்மையார் திரண்ட கூட்டத்துக்குப் பாடினார். பாடலைக் கேட்போர் மாறியதும் பாடலின் இலக்கணமே மாறியது. 'நான்' என்ற தன்மை ஒருமை 'நாம்' என்ற பன்மையாயிற்று. விளி தெய்வத்தை விட்டுத் தொழிலாளரை நோக்கித் திரும்பிற்று. பெண்கள் கூட்டத்துக்கு வருவதே அரிதாயிருந்த காலத்தில், ஒரு பெண் மேடையேறியமை தோட்டப் பெண்ணுக்குக் காட்டிய வழி எந்தச் செய்யுள் நயத்தினும் பெரிது.

இப்பாடல்களுக்குப் பின்னே பாரதியின் குரல் உண்டு. பீஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாடல், கடல் கடந்த கூலித் தமிழரின் அல்லலை நாட்டு விடுதலைப் பாடலின் பொருளாக்கிற்று. தோட்டக்காட்டின் துயரம் குடும்பத் துயரமன்று, அடிமை நாட்டின் துயரம் என்னும் எண்ணம் அவ்வழியே மலையேறிற்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இன்னோர் உண்மையைக் காட்டியது. மருதியின் துன்பம் தேயிலைத் தோட்டத்தில் தொடங்கவில்லை. திருநெல்வேலிச் சீமையின் சேரியிலே தொடங்கிவிட்டது. ஊரிலே சாதியும் பண்ணையும் துரத்தியமையாலேயே கங்காணியின் சொல் இனித்தது. ஆங்கிலேயனை மட்டும் குற்றஞ்சாட்டும் எழுத்துக்கு இக்கதை ஒரு திருத்தம். அயலான் விரித்த வலைக்கு ஊரான் மீனைத் துரத்திவிட்டான் என்பதை மறைத்து எழுதும் வரலாறு பாதி வரலாறே.

1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் சூழல் விரைந்து மாறியது. 1935இல் இலங்கைச் சமசமாஜக் கட்சி தோன்றியது. 1937இல் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிலே துரைத்தொழில் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர், தொழிலாளர் பக்கம் சேர்ந்து நாவலப்பிட்டிக் கூட்டத்திலே தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்துமாறு கட்டளையிட்டார். உயர்நீதிமன்றம் அக்கட்டளை செல்லாது எனத் தீர்த்தது. வெள்ளைத் துரை ஒருவரே மற்றைத் துரைமாருக்கு எதிராகப் பேசினார், தேசாதிபதியின் ஆணையும் நீதிமன்றத்தில் தோற்றது என்னும் இரு செய்திகளும் லயங்களில் ஏற்படுத்திய அதிர்ச்சியை எளிதில் ஊகிக்கலாம். 1939இல் சவகர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்திய காங்கிரஸ் உருவாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலிருந்து வேலைநிறுத்தங்கள் தோட்டந்தோட்டமாகப் பரவின. 1940 சனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அவ்வாண்டிலேயே ஊவாவின் வேவெஸ்ஸைத் தோட்டத்திலும் பெரும் போராட்டம் நிகழ்ந்தது. போராட்ட அலையின் விளைவாகவே, 1940இல் முதலாளிமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கைக்கு இணங்கினர்.

இவற்றைப் புரட்சி என்று கூறலாமா என்பது ஒரு நியாயமான கேள்வி. தேசாதிபதியை வீழ்த்தவேண்டுமென எவரும் லயத்திலிருந்து புறப்படவில்லை. கேட்டவை கூலி, சங்கம் அமைக்கும் உரிமை, மனிதனாக நடத்தப்படுதல் ஆகியனவே. எனினும் தோட்டம் என்பது என்ன? விடியலிற் பெரட்டு, மாலையில் நிறை, லயத்துக்கு வருவோர்க்குத் தடை, மறுத்தோர்க்குப் பற்றுச்சீட்டு எனத் தோட்டமே தனி ஆட்சியாய் இருந்தது. தொழிலாளி கண்ட ஆங்கில ஏகாதிபத்தியம் கொழும்பிலே இல்லை, பெரட்டுக்களத்திலே இருந்தது. முல்லோயாவில் துரையின் பின்னாற் பொலிசும், பொலிசின் பின்னால் அரசும் நிற்பது கண்ணாற் காணப்பட்டது. கங்காணி, துரை, தேசாதிபதி என்னும் மூவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதை எந்தப் பாடலும் கற்பிக்காதவாறு அந்தக் குண்டு கற்பித்தது. ஆட்சியை மாற்றாவிடினும் ஆட்சியைப் பற்றிய அறிவை மாற்றிய நிகழ்ச்சியை, அந்த அளவிற் புரட்சி என்றே கொள்ளலாம்.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே' இவ்வறிவின் பின்னர் எழுந்த நூல். 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் சக்தி அ. பாலையாவாற் தமிழாக்கப்பட்டது. விடியற்காலைத் தப்பொலியோடு தொடங்கித் தோட்டத்து வாழ்க்கையை அது தீட்டுகின்றது. அதில் மிக ஆழமாகப் பதிவது, தேயிலையின் அடியிலே புதைந்து, நினைவுக்கல்லும் மலர்வணக்கமும் இன்றிக் கிடக்கும் முன்னோரைப் பற்றிய எண்ணமாகும். கண்ணீர் இலக்கியம் என்போர் பெரிதும் காட்டுவது இப்பகுதியையே. ஆனால் அது வெளிவந்த காலத்தோடு வைத்துப் படித்தல் வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேலுப்பிள்ளையும் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1948 பெப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுச் சட்டங்களும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952ஆம் ஆண்டிலே சத்தியாக்கிரகம் நடந்தும் பயனில்லை. அவ்வேளையில், எம் தந்தையர் இம்மண்ணின் கீழ் உள்ளனர் எனக் கூறுதல் அழுகையன்று, உரிமைச் சாட்சியமாகும். 1840இல் சிங்களக் குடியானவனிடம் பத்திரம் கேட்டனர். 1948இல் தமிழ்த் தொழிலாளியிடம் பத்திரம் கேட்டனர். பத்திரம் இல்லாதவனுக்கு வேலுப்பிள்ளை எழுதிக் கொடுத்த பத்திரமே அந்நூல். ஒப்பாரி ஈண்டு வழக்குரையாயிற்று.

அந்நூலுக்கும் ஒரு குறையுண்டு. அது முதலிற் பேசிய மொழியை அதன் மாந்தர் அறியார். ஆள்வோர் கேட்கவேண்டுமென ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆள்வோர் கேட்டும் அசைந்திலர். மீனாட்சி அம்மையாரிடம் மக்கள் இருந்தனர், கவிதை குறைந்தது. வேலுப்பிள்ளையிடம் கவிதை இருந்தது, மக்கள் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இரண்டும் ஒருங்கு கூடிய ஆக்கத்தைப் பின்வந்த மலைநாட்டுச் சிறுகதை ஆசிரியர்களிடமே காண்கின்றோம். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' அதற்குத் தக்க சான்று.

இன்னும் ஆழமான குறை ஒன்று இவ்விலக்கியம் முழுவதற்கும் பொது. சிங்களக் குடியானவன் இதில் அரிதாகவே தோன்றுகின்றான். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொண்டாடும் எழுத்தில் தமிழ்த் தொழிலாளியும் அவ்வாறே. ஒருவனை நிலத்திலிருந்து அகற்றியதும், மற்றவனை நிலமின்றிக் கொணர்ந்ததும் ஒரே தோட்டம். அவ்விருவர் முறையீடும் ஒரே வாயிலில் நின்று கேட்கப்பட்டிருப்பின், மலைநாட்டு வரலாறு வேறாயிருக்கும். நிகழ்ந்ததோ மாறானது. 1946ஆம் ஆண்டில் கேகாலைப் பகுதியின் உருளவள்ளித் தோட்டத்தை, நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்வதற்கென அரசு எடுத்துக்கொண்டது. அங்கிருந்த தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர் மறுத்தனர், வேலைநிறுத்தம் மூண்டது. நிலம் இழந்தவனுக்கும் நிலமே அறியாதவனுக்கும் இடையே வழக்கு மூண்டபோது, நிலத்தைப் பறித்தவன் சாட்சிக் கூண்டிலும் ஏறவில்லை. ஆங்கிலேய ஆட்சி நீங்கிய பின்னும் மலைநாட்டுத் தமிழர்க்கு விடுதலை வராமைக்கு இப்பிளவே தலையாய காரணம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் வினவவில்லை. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இதுகாறும் கூறியவற்றால், மலைநாட்டு இலக்கியம் வெறும் கண்ணீர் அன்று என்பது தெளிவாகும். நாட்டுப்பாடல் தவறிழைத்த கையைச் சுட்டியது. நடேசய்யரின் பத்திரிகை அதன் கணக்கை எழுதியது. மீனாட்சி அம்மையாரின் பாட்டு மக்களைக் கூட்டியது. வேலுப்பிள்ளையின் நூல் போரில் வென்றும் நாட்டை இழந்தவரின் உரிமையை நிலைநாட்டியது. சுட்டல், கணக்கிடல், கூடல், உரிமை நாட்டல் என்னும் இந்நான்கும் இல்லாத துன்பம் எத்துணைப் பெரிதாயினும் கிளர்ச்சியாகாது. இந்நான்கினையும் மலைநாட்டு மக்கள் தம் சொல்லாலேயே ஈட்டினர்.

எஞ்சி நிற்பது ஐந்தாவது படி. பக்கத்துக் கிராமத்தானின் துன்பத்தையும் தன் துன்பத்தோடு ஒருங்கு வைத்துப் பாடும் இலக்கியம் அது. தமிழ் மாணவர் சிங்கள மொழியையும் கற்று, மாத்தளைக் குடியானவரின் பாடலையும் ஹற்றன் தொழிலாளியின் பாடலையும் அருகருகே வைத்து ஆராயத் தொடங்குவராயின், அப்படியில் ஏறுதற்கு வழி பிறக்கும். முதியோர் நாவிலுள்ள பாடல்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவை மறையுமுன் அவற்றைப் பதிவு செய்தல் விடுமுறை நாட்களிலும் செய்யத்தக்க பணி. கல்லூரிகள் இதனை மேற்கொள்ளுமாயின், தேயிலையின் கீழ் உறங்குவோர்க்கு இதனினும் சிறந்த நினைவுக்கல் வேறில்லை.